ஒரு பிடி கல்லுப்பு

விருந்தாளி என்று அந்தக் கிடாய்க்குப் பெயர் வைத்தது அவளுடைய வீட்டுக்காரர்தான். செம்மறிகளுக்கு நடுவே பாலுக்காக வைத்திருந்த ஒரே வெள்ளாடு, குட்டி போட்டதும் செத்துப்போனது. ஈரம்கூடக் காயாமல் சாக்கில் சுருண்டு கிடந்த குட்டியை அவள் சமையல்கட்டுக்குள் தூக்கிவந்தபோது, "சரி, ரெண்டு நாளைக்கு விருந்தாளியா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பிழைக்காது என்பது அவர் எண்ணம். குட்டியோ பிழைத்துக்கொண்டதோடு நிற்காமல், மூன்றாம் மாதம் அவருடைய புதுச்செருப்பின் வாரைத் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்.

அது செய்யாத அட்டகாசம் இல்லை. தகரக் கூரைமேல் ஏறித் தடதடவென்று நடந்து மதியத் தூக்கத்தைக் கெடுக்கும். இறங்கு என்று கத்தினால் விளிம்புவரை வந்து, தலையைச் சாய்த்து, கத்துகிறவரை அக்கறையாகப் பார்க்கும். ஒருமுறை தபால்காரரின் பைக்குள் தலையை விட்டு, யாருக்கோ வந்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் மென்றுவிட்டது. அந்த மனுஷன் அன்றோடு சரி. தபால் வந்தால் பாதை முனையிலேயே நின்று சைக்கிள் மணியை அடிப்பார், அவள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர், வந்துபோகிறவர்கள் எல்லோரும் அதைத் திட்டினார்கள். அவள் மட்டும் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

வீடு ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. தார் ரோட்டிலிருந்து பிரிந்த மண்பாதை வேறு போக்கிடம் இல்லாமல் அவர்கள் வாசலில் வந்து முடியும். இரண்டு அறை, தகரம் போட்ட சமையல்கட்டு, ஒரு கிணறு, ஒரு வைக்கோல் போர். போருக்குப் பின்னால் நெஞ்சுயரக் கல்சுவர் எழுப்பிய பட்டி. அதில் ஐம்பத்து நான்கு செம்மறிகள். சோறு, துணி, மருந்து எல்லாமே அவர்களுக்கு அந்த ஐம்பத்து நான்கிலிருந்துதான். பட்டியின் இரும்புக் கேட்டில் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள், பக்கவாட்டில் இழுத்தால் திறப்பது.

போன வருஷம் போரிலிருந்து வைக்கோல் உருவும்போது சறுக்கி விழுந்து அவளுக்கு வலது கால் முறிந்தது. மூன்று மாசம் மாவுக்கட்டு. வீட்டுக்காரர் விடிந்தும் விடியாமலும் மொபெட்டை எடுத்துக்கொண்டு தழை வெட்டப் போய்விடுவார். போகுமுன் பட்டிக்கு எதிரே கட்டிலைப் போட்டு அவளை உட்கார வைப்பார். வெயில் ஏறுவதற்குள் ஆடுகளைப் பின்பக்கத் தரிசில் விட்டாக வேண்டும். பார்த்துக்கொள்ள அவளால் முடியும், எழுந்து போய்க் கேட்டைத் திறக்கத்தான் முடியாது. ஒரே ஒரு நாள் கம்பை ஊன்றித் தத்தித் தத்திப் போனாள். உயிர் போய் உயிர் வந்தது. போனவள் சும்மா வரவில்லை. தாழ்ப்பாளின் பிடியில் கல்லுப்பை ஈரத்தோடு தேய்த்துவிட்டு வந்தாள்.

விருந்தாளி வந்து நக்கியது. உதட்டால் கவ்வியது. இழுத்தது. தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர, "அடேய்!" என்று கூவி, கையிலிருந்த மீதி உப்பை நீட்டினாள். ஒரே வாரத்தில் அது பாடத்தை முடித்துக்கொண்டது. "திறடா" என்றால் திறக்கும். திறந்ததும் திரும்பி அவள் கையைப் பார்க்கும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கேட்டபோது, "நான்தான் தத்திப் போய்த் திறந்தேன்" என்றாள், அதற்கும் திட்டு வாங்கிக்கொண்டாள். தாழ்ப்பாள் திறக்கத் தெரிந்த ஆட்டை ஆடு வளர்க்கிறவன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கால் சரியானதும் உப்பை நிறுத்தினாள். மறந்துவிடும் என்று நினைத்தாள். அது மறக்கவில்லை. பட்டிக் கேட்டு இரண்டு மூன்று தடவை திறந்து கிடந்தது. "நான்தான் போட மறந்துட்டேன்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தார்.

நாற்பதைத் தாண்டியவர். லாரி ஓட்டினவர். குடியால் லைசென்ஸ் போனது, வேலை போனது, கடைசியில் பெண்டாட்டியும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒற்றைப் பையோடு வந்து நின்ற தம்பியை அண்ணன் வாசலில் நிற்கவைத்தே பேசினார்.

"ஒரு நாள் வாசனை வந்தாலும் அன்னைக்கே பையைத் தூக்கிடணும்."

"சரிண்ணே."

"சரின்னு சொல்றது உனக்குப் புதுசா?"

"இல்லண்ணே. ஆனா இந்தத் தடவ சரி."

எட்டு மாசம் அவர் சொன்ன சொல் தவறவில்லை. பட்டி முழுக்க அவர் பொறுப்பானது. காலையில் மேய விட்டு, வெயில் ஏறியதும் அடைத்து, தண்ணீர் வைத்து, சாயங்காலம் மறுபடி விடுவார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வேலை செய்தாலும் அதை வாய்விட்டுச் சொல்வார். தண்ணி ஊத்தியாச்சு. தழை போட்டாச்சு. தாழ்ப்பாள் போட்டாச்சு. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பார். அவள் சமையல்கட்டிலிருந்து கிண்டல் பண்ணுவாள்.

"என்ன தம்பி, செய்தி வாசிச்சு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி. வானிலை அறிக்கை மட்டும் பாக்கி."

"அத ஏன் வாசிக்கிறீங்க? அதுல என்ன இருக்கப்போகுது, மழை இல்லங்கிறதத் தவிர!"

ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது அவரே காரணம் சொன்னார். "எனக்கு என் தலைமேல நம்பிக்கை இல்ல அண்ணி. ஒரு தடவ வண்டிய மேட்டுல நிறுத்திட்டு, ஹேண்ட் பிரேக் போட்டேன்னே நெனச்சேன். சத்தியம்கூடப் பண்ணினேன். அது அதுபாட்டுக்கு உருண்டு போய் ஒரு டீக்கடைல ஏறிடுச்சு. யாரும் சாகல. ஆனா அன்னையிலேருந்து நான் செஞ்சேன்னு எனக்கே தெரியணும்னா என் காதுல விழணும்."

வந்த இரண்டாம் மாசம், வாய்விட்டுச் சொல்லிப் போட்ட தாழ்ப்பாள் திறந்து கிடப்பதைப் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது. அவள் ஓடிப்போய், "நான்தான் தம்பி திறந்தேன்" என்றாள். நம்பினார். இருந்தாலும் மறுநாளிலிருந்து தாழ்ப்பாளை ஒரு சணல் கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைக்க ஆரம்பித்தார். வாசிப்பில் ஒரு வரி கூடியது. கயிறு கட்டியாச்சு, ரெண்டு முடிச்சு. அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. கயிற்றுக்கு முன்னால் விருந்தாளியின் வித்தை பலிக்காது என்று நினைத்தாள். செருப்பு வாரைத் தின்ற ஆட்டுக்குச் சணல் எம்மாத்திரம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் வாளி தரையில் இடித்தது. தரிசுக்கு அப்பால் இருந்த சோளக்காடு முழங்கால் உயரத்தோடு வாடி நின்றது. பிறகு ஒரு நாள் பெயருக்கு ஒரு தூறல் விழுந்தது. அந்தத் தூறலுக்கு, காய்ந்த சோளத்தின் அடியிலிருந்து பச்சைப் பசேலென்று துளிர் கிளம்பியது. காட்டுக்காரர் வேலை மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"வாடின சோளம் துளிர்விட்டிருக்கு. பாத்துக்கோங்க. அந்தத் துளிர் விஷம். ஆடு ஒரு வாய் கடிச்சாலும் போச்சு."

"தெரியாதா எங்களுக்கு" என்றார் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் வேலி ஓட்டைகளை அன்றைக்கே முள் வெட்டி அடைத்தார்கள். ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும்.

நான்காம் நாள் மதியம். கொழுந்தன் ஆடுகளை அடைத்துவிட்டுச் செய்தி வாசித்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணி ஊத்தியாச்சு. தழை போட்டாச்சு. தாழ்ப்பாள் போட்டாச்சு. கயிறு கட்டியாச்சு, ரெண்டு முடிச்சு. ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் தெளிவாக விழுந்தது. பிறகு பீப்பாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் பள்ளத்துக் கிணற்றுக்குப் போனார். அவள் உலையை இறக்கிவிட்டுச் சற்றுத் தலையைச் சாய்த்தாள்.

கண் விழித்தபோது கூரைமேல் நடை சத்தம் இல்லை. பட்டியிலும் சத்தம் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். கேட்டு விரியத் திறந்து கிடந்தது.

அவள் ஓடிய ஓட்டத்தில் ஒட்டவைத்த கால் எலும்பு வலித்தது. முதல் ஆடு வேலி ஓட்டைக்கு அப்பால் நின்றிருந்தது. நின்றபடியே ஆடியது, முன்னங்கால் மடிந்தது, விழுந்தது. வாயில் நுரை. மூக்கை மேலே தூக்கிக் காற்றைத் தேடியது. அதற்கப்பால் காடு முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. சில உதைத்துக்கொண்டிருந்தன. சில இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒன்று விழுவதைப் பார்த்துக்கொண்டே அவை துளிரைக் கடித்தன. "வெளிய வாங்க! வெளிய வாங்க!" என்று மனிதர்களைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். கல்லை எடுத்து எறிந்தாள். அவள் குரல் கேட்டுக் கொழுந்தன் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

காட்டின் நடுவே காக்கை விரட்ட நட்டிருந்த பொம்மை. அதன் காலடியில் பின்னங்காலில் எழும்பி நின்று, விருந்தாளி அதன் சட்டையைத் தின்றுகொண்டிருந்தது. சோளத்தை அது தொட்டிருக்கவே இல்லை. சட்டையின் ஒரு கை முழுக்கக் காலியாகியிருந்தது.

காட்டுக்காரர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. வாளியில் சர்க்கரையைக் கரைத்து, கிடைத்த ஆட்டின் வாயிலெல்லாம் ஊற்றினார். மாட்டு டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அவரிடம் இருந்த ஊசி மருந்து எட்டு ஆட்டுக்குத்தான் வந்தது. எந்த எட்டு என்று அவளைத்தான் கேட்டார். சினையாக இருந்தவற்றைக் காட்டினாள். அதில் ஐந்து பிழைத்தன.

செத்தது முப்பத்தொன்று.

வாளி எடுக்க வீட்டுக்குத் திரும்பியபோது விருந்தாளி அவள் பின்னாலேயே வந்தது. அதன் கடைவாயோரம் ஏதோ தொங்கியது. குனிந்து இழுத்தாள். நனைந்த சணல். அதன் நுனியில் இரண்டு முடிச்சு இறுக்கமாக, அவிழாமல் இருந்தது. அவள் நின்றாள். கொழுந்தன் காட்டில் ஒரு ஆட்டின் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஏய், மூச்சு விடு, மூச்சு விடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது அங்கே வரைக்கும் கேட்டது. அவள் சமையல்கட்டுக்குள் போய்க் கயிற்றை அடுப்பில் போட்டாள். கை அதைச் செய்துவிட்டது. மனசு பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் கயிறு புகைந்து கருகியிருந்தது.

வீட்டுக்காரர் தழைக்கட்டோடு வந்தார். மொபெட்டை நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டார். காட்டைப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார். பிறகு தம்பியின் முன்னால் வந்து நின்றார்.

"ஊது."

"அண்ணே..."

"ஊதுடா."

டாக்டர், காட்டுக்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, நாற்பது வயசுக்கு மேலான மனிதர் அண்ணன் முகத்தில் ஊதினார். அண்ணன் முகர்ந்தார். ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"குடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. குடிக்காமலே இப்படியா? தாழ்ப்பாள் போட்டியா?"

"போட்டேண்ணே. கயிறும் கட்டினேன்."

"கயிறு எங்க?"

கொழுந்தன் கேட்டைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "இங்கதாண்ணே... ரெண்டு முடிச்சு போட்டேன்."

"அப்போ செம்மறி வந்து முடிச்சை அவுத்துச்சா? அவுத்துட்டுக் கயித்தையும் மடியில கட்டிட்டுப் போச்சா?"

யாரோ சிரித்தார்கள். கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினார். "அண்ணி, நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல? கயிறு கட்டியாச்சுன்னு சொன்னேன்ல?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். விருந்தாளி அவள் தலைத்துண்டின் நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நான் அரிசி களைஞ்சுட்டு இருந்தேன் தம்பி" என்றாள். "கவனிக்கல."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்ததை அவள் பார்த்தாள். தலைத்துண்டை விருந்தாளியின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

விஷம் தின்ற ஆட்டை விற்க முடியாது, தின்னவும் முடியாது. புதைக்கத்தான் வேண்டும். தரிசின் ஓரத்தில் கொழுந்தன் குழி வெட்டினார். காய்ந்த மண் கடப்பாரைக்கு மசியவில்லை. மறுநாள் மதியம்வரை வெட்டினார், யாரையும் தொடவிடவில்லை. உள்ளங்கை கிழிந்து, சாக்கைச் சுற்றிக்கொண்டு வெட்டினார். ஒவ்வொரு ஆடாக இழுத்து வந்து போட்டார். போடும்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் செய்தி வாசிப்பு நின்றுபோனது.

அதன் பிறகு அவர் கயிற்றைத் தேட ஆரம்பித்தார். பட்டியைச் சுற்றி, சுவரோரம், புழுக்கைக்குள், தரிசில், மண்டி போட்டு விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே போனார். மூன்று நாள் தேடினார். அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவர் இருக்கும் இடத்துக்கே போனாள்.

"குடிச்சுட்டுத் தேடுங்க தம்பி."

"கிடைக்குமா அண்ணி?"

"தேடுங்க. கிடைக்கும்."

அதைச் சொன்ன நாக்கை அன்று முழுவதும் அவளால் வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. விருந்தாளியைத் திட்டினாள், கம்பால் இரண்டு போட்டாள். விளையாட்டு என்று நினைத்து அது முட்ட வந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடி வாங்கிய இடத்தைத் தடவினாள். சொல்லிவிடலாம். சொன்னால் இதை வெட்டிவிடுவார். சொல்லாவிட்டால் தம்பி எப்படியாவது தேறிவிடுவார். பெரிய மனுஷர்தானே, ஆடா மாடா. இப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

நான்காம் நாள் பொழுது சாயும்போது கொழுந்தன் குழிமேட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் கிட்டே போகும் முன்பே வாசனை வந்துவிட்டது.

"தம்பி, என்ன இது..."

"உக்காருங்க அண்ணி." சிரித்தார். "நிம்மதியா இருக்கு. நான் கட்டலைன்னு முடிவு பண்ணிட்டேன். கட்டினேன்னு நெனச்சாத்தான் பைத்தியம் பிடிக்குது. என் வாயால சொன்னது என் காதுல விழுந்துச்சு, என் கையால முடிச்சைத் தொட்டுப் பாத்தேன், அதுவே பொய்யின்னா அப்புறம் எது நெசம்? குடிகாரன், மறந்துட்டான். முடிஞ்சுது. இதுல ஒரு கஷ்டமும் இல்ல பாருங்க."

அவர் காலிப் பாட்டிலைக் குழிமேட்டில் மெதுவாக, கவிழாமல், நிமிர்த்தி வைத்தார்.

விடிந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் தழை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். வாசனை வந்த அன்றே கிளம்ப வேண்டும் என்பது எட்டு மாசத்துக்கு முந்தின பேச்சு, ஒரு ராத்திரி தாமதமாகிவிட்டது.

"தம்பி கட்டினாருங்க" என்றாள். "நான் கேட்டேன். கயித்தை விருந்தாளி தின்னுடுச்சு. தாழ்ப்பாளைத் திறக்க நான்தான் பழக்கினேன், கால் ஒடிஞ்சப்போ."

வீட்டுக்காரர் தீட்டுவதை நிறுத்தவில்லை. "அவன் போறது உனக்குப் பொறுக்கல. அதுக்காக ஆட்டு மேல கதை கட்டாத."

"கதை இல்லைங்க."

"ஆடு தாழ்ப்பாள் திறக்குமா? நாளைக்கு அது மொபெட் ஓட்டுச்சுன்னும் சொல்லுவ."

அவள் உள்ளே போய் உப்புச் சாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். பட்டியில் மிச்சம் இருந்த இருபத்து மூன்றும் கேட்டருகே முண்டிக்கொண்டு நின்றன. ஒரு சணல் கயிற்றை எடுத்துத் தாழ்ப்பாளோடு கட்டினாள். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. கொழுந்தன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இங்க வா."

விருந்தாளி கூரையிலிருந்து போர்மேல் தாவி, போரிலிருந்து தரையில் குதித்து வந்தது. முதலில் கொழுந்தன் பையை முகர்ந்தது. வீட்டுக்காரரின் முழங்காலை ஒரு முட்டு முட்டியது. பிறகு சும்மா நின்று தும்மியது. செய்யாதே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் மறந்து தொலை என்று அவள் உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். இன்னொருத்தி கையை நீட்டி, உப்பைக் காட்டி, "திறடா" என்றாள்.

அது கேட்டுக்குப் போனது. கயிற்றைப் பல்லில் வைத்து அரைத்தது. அவசரப்படவில்லை. அறுந்ததும் தொங்கியதை இழுத்து மென்றது. பிறகு பிடியை உதட்டால் கவ்வி ஒரு சொடுக்கு. கிறீச்சென்றது. கேட்டு திறந்தது. செம்மறிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. விருந்தாளி திரும்பி அவள் கையைப் பார்த்தது.

யாரும் செம்மறிகளை மறிக்கவில்லை. விட்டுப்போன வேலி ஓட்டைகளைக் குழி மூடிய அன்றைக்கே அடைத்திருந்தார்கள்.

"அப்போ நான் கட்டினேன்" என்றார் கொழுந்தன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "நான் கட்டினேன்." மறுபடி சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார். "அன்னைக்குக் கயிறு?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"எப்போ?"

"அன்னைக்கே."

அவர் தலையை ஆட்டினார். மூன்று நாள் தரையை விரலால் கிளறியவரின் நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்பாதையில் நடந்தார். அண்ணன், "டேய், நில்லுடா" என்றார். நிற்கவில்லை.

வீட்டுக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். பேசியபோது குரல் உயரவில்லை.

"சொல்லியிருந்தா ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருப்பேன். அவ்வளவுதானே? ஒரு பூட்டு. ஆட்டைக்கூட ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்."

அவளுக்கு அது தோன்றியதே இல்லை. ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

"இப்ப முடியாது" என்றார். "இத வாசல்ல வெச்சுக்கிட்டு நான் சோறு திங்க முடியாது. கசாப்புக்கடைக்காரர்கிட்ட விட்டுட்டு வா."

"நீங்க கூட்டிட்டுப் போங்களேன்."

"நான் இழுத்தா வருமா? படுத்துக்கும். உன் பின்னாடிதான வரும்."

உண்மைதான். கயிறுகூட வேண்டியிருக்கவில்லை. உப்பை மூடிய கையோடு அவள் முன்னால் நடந்தாள், அது பின்னால் வந்தது. வழியில் வேலிச்செடிகளைக் கடித்தது, ஒரு குட்டிச்சுவர்மேல் ஏறி அதன் நீளத்துக்கு நடந்து இறங்கியது, அவள் தலைத்துண்டைப் பின்னாலிருந்து உருவியது. பிடுங்கிக் கட்டிக்கொண்டாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

தார் ரோட்டு முனையில் கொழுந்தன் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். அவளைக் கண்டதும் மைல்கல்லிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காருங்க அண்ணி. கால் வலிக்கும்."

அவள் உட்காரவில்லை. "வீட்டுக்கு வாங்க தம்பி. அவர் கூப்பிட்டாருல்ல."

"கூப்பிட்டாரு." குனிந்து விருந்தாளியின் கொம்புக்கிடையில் சொறிந்துவிட்டார். அது கண்ணை மூடிக்கொண்டு காட்டியது. "இவன்மேல எனக்குக் கோவம் இல்ல. இவனுக்கு என்ன தெரியும்."

"என்மேல கோவப்படுங்க. திட்டுங்க."

"ஆட்டைக் காப்பாத்தினீங்க, அது புரியுது. கேக்கலைன்னு சொன்னீங்க, அதுகூடப் புரியுது, பயத்துல வந்துடும்." ஆட்டின் தலையிலிருந்து கையை எடுத்தார். "கஞ்சி கொண்டாந்து குடுத்துட்டு, தேடுங்க, கிடைக்கும்னு சொன்னீங்க பாருங்க. அதத்தான் அண்ணி என்னால..."

அவள், "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றாள். பஸ் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஏறும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார் என்று காத்திருந்தாள். பை எடுத்தாச்சு, துண்டு எடுத்தாச்சு. எதையும் சொல்லாமல் ஏறிப் போனார்.

கசாப்புக்கடைக்காரரின் கொட்டகை ரோட்டுக்கு அந்தப் பக்கம். முன்னால் ஒரு முற்றம், சுற்றிலும் கல்சுவர், அதற்கு இரும்புக் கேட்டு. உள்ளே யாரும் கண்ணில் படவில்லை. கத்தி தீட்டும் சத்தம் மட்டும் வந்தது. அவள் கேட்டுக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டாள். கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவர் வருவார். திரும்பிப் போய்விடலாமா என்றும் நினைத்தாள். எங்கே போவது? எந்த வாசலுக்கு இதைக் கூட்டிக்கொண்டு போவது?

விருந்தாளி அவளைத் தாண்டிப் போனது. கேட்டை முகர்ந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது, அவர்கள் வீட்டில் இருப்பது மாதிரியேதான். அவள் "டேய்" என்று சொல்ல வாயெடுத்தாள்.

பிடியை உதட்டால் கவ்வி ஒரு சொடுக்கு. கேட்டு உட்பக்கமாகத் திறந்தது. தீட்டும் சத்தம் நின்றது. விருந்தாளி திரும்பி அவள் கையைப் பார்த்தது.

அவள் கையை விரித்தாள். வந்த தூரத்தில் உப்பு வியர்வையில் கரைந்துபோயிருந்தது. இரண்டு மூன்று பரல்தான் மிச்சம். அது அதையும் எடுத்துக்கொண்டு, உள்ளங்கையை முழுவதும் நக்கியது.